மலையேறிய சிந்தாப் புட்டி

வாழவந்தி நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அர்த்தனாரியின் வீடு எது என்று கேட்டால், "மைப்புட்டிக்காரரு ஊடுங்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அவருக்கு மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் தோப்பு இருக்கிறது, காப்பிச் செடி இருக்கிறது, ஐம்பது தாண்டியும் நரைக்காத மீசை இருக்கிறது. ஆனாலும் ஊர் அவருக்கு வைத்திருக்கும் அடையாளம் மைப்புட்டிதான்.

எல்லாம் ஒரு பூனையால் வந்தது. காலி செய்யப்பட்ட ஓர் எஸ்டேட் பங்களாவின் சாமான்களை விற்றபோது அர்த்தனாரி ஒரு மேசை வாங்கி வந்தார். அதன் இழுப்பறைக்குள் வெள்ளைப் பீங்கானில் ஒரு பழைய மைக்கூடும், தொட்டு எழுதும் பேனா ஒன்றும் கிடந்தன. எழுதிப் பார்க்கலாமே என்று மை ஊற்றி வைத்தார். அன்று மாலையே வீட்டுப் பூனை அதைத் தட்டிவிட்டது. துவைத்து மடித்து வைத்திருந்த துணிகளின் மேல் மைக்கூடு தலைகுப்புற விழுந்ததைப் பார்த்து அவர் மனைவி சுகுணா போட்ட கூச்சல் பக்கத்துத் தோட்டம் வரை கேட்டது. ஓடி வந்து எடுத்துப் பார்த்தால், துணியில் ஒரு சொட்டு மை இல்லை!

அந்த நிமிடம் அதில் விழுந்தவர்தான் அர்த்தனாரி. பிறகு எழவே இல்லை.

பார்வைக்கு அது சாதாரண மைக்கூடு. வாய் மட்டும் உள்பக்கமாக ஒரு புனலைப் போலக் கீழே இறங்கியிருக்கும். பேனாவின் நிப்பு அந்தப் புனல் வழியாகப் போய் மையைத் தொட்டுக்கொண்டு வரும். புட்டி கவிழ்ந்தால் மை புனலைச் சுற்றி ஒதுங்கி நின்றுவிடும், வெளியே வராது. சிந்தாப் புட்டி என்று அவரே பெயர் வைத்தார். சேலத்துப் பழைய சாமான் கடைகளிலும் ஏற்காட்டு பங்களாக்களிலும் அலைந்து, கண்ணாடியில், பீங்கானில், பித்தளை மூடி போட்டதில் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். சேர்த்ததைப் பூட்டியும் வைக்கவில்லை. மலையில் எந்தக் கல்யாணம் என்றாலும் பத்திரிகைகளை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் ஒரு புட்டியைத் தேர்ந்தெடுத்து, நிப்பைத் தொட்டுத் தொட்டு, உறவுக்காரர்களின் பெயர்களை உறைகளின் மேல் எழுதித் தருவார். அந்தப் பேனாவில் கீழே இழுக்கும் கோடு தடித்தும், மேலே ஏறும் கோடு மெலிந்தும் வரும். தங்கள் பெயர் இத்தனை அழகா என்று வாங்கியவர்கள் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

அவருக்கும் சுகுணாவுக்கும் பிள்ளை இல்லை.

சுகுணாவின் தங்கை நாகலட்சுமி மலையடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகன் கவியரசன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் நேரே மலைக்கு பஸ் ஏறிவிடுவான். பெரியப்பாவின் தோளில் உட்கார்ந்து மிளகு பறிப்பான். பெரியப்பாவின் தட்டில்தான் சாப்பிடுவான். அவன் கீழே இறங்கிப் போகும் நாளில் அர்த்தனாரி தோப்பை விட்டு வீட்டுக்கு வரமாட்டார். கண் சிவந்திருப்பதை சுகுணா பார்த்துவிடுவாளே என்ற வெட்கம்.

கவியரசனின் அப்பா கதிர்வேல் போர்வெல் வண்டி வைத்திருப்பவர். பணம், காடு, தோட்டம், மாடி வீடு எல்லாம் உண்டு. சகலைகள் இருவருக்கும் நடுவே வெளியே தெரிகிற சண்டை எதுவும் இருந்ததில்லை. அந்தப் பச்சைக் கண்ணாடிப் புட்டி வரும் வரைக்கும்.

சேலத்துக் கடை ஒன்றில் அதைப் பார்த்த நாளிலிருந்து அர்த்தனாரிக்கு வேறு நினைப்பில்லை. கிணற்றுத் தண்ணீரில் வெயில் விழுந்தது போன்ற பச்சை. எட்டுப் பட்டையாக வெட்டிய கண்ணாடி. மிளகு விற்றதும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டு வந்தார். மிளகு விற்று, போய் நின்றபோது அது அங்கே இல்லை. அடுத்த வாரம் முள்ளுக்குறிச்சிக்கு விருந்துக்குப் போனால், கதிர்வேல் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில், கண்ணாடி அலமாரிக்குள், சின்ன லைட் போட்டு வைத்திருக்கிறது!

"எப்படீங்ணா இருக்குது? நானும் இனிமே சேக்கலாம்னு இருக்கறேன். தொட்டு எழுதற பேனாவும் ஒண்ணு வாங்கிட்டேன்" என்றார் கதிர்வேல்.

"நல்லாருக்குது" என்றார் அர்த்தனாரி. அன்று நாகலட்சுமி வைத்திருந்த நாட்டுக்கோழிக் குழம்பு அவர் வாயில் மண்ணாக இருந்தது. மாடி வீடு அவனுக்கு. வண்டி அவனுக்கு. கவியரசனைப் போல ஒரு மகனும் அவனுக்கே. போகட்டும். ஒரு மைப்புட்டியாவது எனக்கென்று இருக்கக் கூடாதா? திரும்பி வரும்போது பஸ்ஸில் சுகுணா பேசிய எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கவியரசனுக்குப் பெண் அமைந்தது. வாசலூர்பட்டியில் படகு ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அப்புசாமி என்பவரின் மகள் கௌசிகா. மாப்பிள்ளை வீட்டார் புடவையும் சீர்தட்டும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், பெண் வீட்டில் நிச்சயம் செய்வது என்று முடிவானது. அந்தச் சபையில் லக்னப் பத்திரிகை எழுத வேண்டும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில் இரண்டு குடும்பத்தின் பெயர்களையும், மணமக்கள் பெயரையும், முகூர்த்த நாளையும் எழுதி எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். உறவில் எந்த நிச்சயம் என்றாலும் அதை எழுதுவது அர்த்தனாரியின் கைதான். கவியரசனுடையதை வேறு யார் எழுதுவார்கள்? புது நிப்பு வாங்கி, அதை வெந்நீரில் கழுவி, அந்தப் பெயரைப் பழைய காகிதங்களில் எழுதி எழுதிப் பார்த்தார். பெற்ற மகனுக்குச் செய்ய முடியாததை எல்லாம் அந்த ஒரு தாளில் செய்துவிடலாம் என்று நெஞ்சுக்குள் ஒரு நினைப்பு.

நிச்சயத்துக்கு முந்தின நாளே கணவனும் மனைவியும் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி வந்தார்கள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, கதிர்வேல் சொல்லிவிட்டார்.

"அண்ணா, லக்னப் பத்திரிகை நானே எழுதிடறனுங்க. ரெண்டு மாசமா எழுதிப் பழகிட்டு இருக்கறேன்."

அர்த்தனாரியின் சட்டைப் பையில் புது நிப்பு இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "அப்பன் எழுதறதுக்கு யாரைக் கேக்கோணும்?" என்றார். சிரித்தாரா, முகம் கோணியதா என்று சுகுணாவுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை வாசலில் வேன் வந்து நின்றது. கூடத்தில் சீர்தட்டுகள் வரிசையாக இருந்தன. முதல் தட்டில் நிச்சயப் புடவை. சந்தன நிறப் பட்டு, அரக்குக் கரை. நெசவு ஊரான இளம்பிள்ளைக்குப் போய் நாகலட்சுமி ஒரு பகல் முழுக்கப் பிரித்துப் பிரித்துப் பார்த்து எடுத்தது.

கதிர்வேல் பச்சைப் புட்டியை எடுத்து வந்தார். அடியில் கொஞ்சம் மை இருந்தது. உறவுக்காரர்கள் பார்க்க, அதை மனைவியின் தலைக்கு மேலே கவிழ்த்தார். "அய்யோ!" என்று நாகலட்சுமி அலற, எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

"மங்கலக் காரியத்துக்குப் போவுது, குறையா எடுத்துட்டுப் போகலாங்களா?" என்று சொல்லிக்கொண்டே அவர் மைப் பாட்டிலைத் திறந்தார். நிறைகுடம் வைப்பது போல, கழுத்து வரைக்கும் நீல மையை ஊற்றினார். பிறகு அதை முதல் தட்டில், புடவைக்குப் பக்கத்தில், வெற்றிலை மேல் வைத்தார்.

அர்த்தனாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவருக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் அவரும் இதே ஊரில் ஒரு புட்டியை நிறைய நிரப்பிப் பையில் வைத்து மலை ஏறியிருக்கிறார். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை ஏற ஏற உப்பிக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே கதைதான். பாதி அளவு மை இருந்தால் காற்று புனல் வழியே வெளியே போய்விடும். கழுத்து வரை ஊற்றினால் புனலின் நுனி மைக்குள் மூழ்கி, சுற்றிலும் காற்று அடைபடும். மேலே போகப் போக அந்தக் காற்று உப்பி, மையைப் புனல் வழியே நெட்டித் தள்ளும். அன்று அவருடைய பையும் சட்டையும் பாழாய்ப் போயின. சிந்தாப் புட்டி சிந்தியது என்று சொல்ல மனம் வராமல், பேனா கசிந்துவிட்டது என்று சுகுணாவிடம் புளுகினார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதியைக் கொட்டிவிடு, கதிரு.

வாய் வரை வந்த வார்த்தையை ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது. சொல்லி வைத்த புட்டியைத் தட்டிக்கொண்டு போனவன்தானே? என் கையிலிருந்து பேனாவையும் பிடுங்கியவன்தானே? சபை நடுவில் அவன் முகம் நீலமாகட்டும். அப்போது தெரியும் யார் மைப்புட்டிக்காரர் என்று.

வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினார்.

முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் கவியரசன். நடு சீட்டில் நாகலட்சுமி சீர்தட்டை மடியில் வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் கதிர்வேல். பின்னால் அர்த்தனாரியும் சுகுணாவும். அதற்கும் பின்னால் உறவுப் பெண்கள். அடிவாரம் கடந்து வேன் வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அர்த்தனாரி கழுத்தை நீட்டித் தட்டைப் பார்த்தார். ஐயோ, அவர் நெஞ்சுக்குள் அப்போது இருந்தது பயமில்லை, சந்தோஷம்! வரட்டும், வரட்டும் என்று ஒரு கெட்ட சந்தோஷம்.

பாதி மலையில் கவியரசன் திரும்பிப் பார்த்தான்.

"பெரீப்பா, எனக்குக் கையெல்லாம் சில்லுனு இருக்குதுங்க. நீங்க சபையில எம் பக்கத்துலயே உக்காந்துக்கோணும்."

"மாப்பிளைக்கு இப்பவே நடுக்கம் வந்துருச்சு டோய்!" என்று பின் சீட்டில் சிரிப்பு எழுந்தது.

அர்த்தனாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மையில் நனைந்த நிச்சயப் புடவையை அந்தப் பெண்ணின் கையில் எப்படிக் கொடுப்பார்கள்? பெண் வீட்டுக் கிழடுகள் என்ன பேசும்? சகுனம் சரியில்லை என்று ஒரு வாய் சொன்னால் போதாதா? நீலமாகப் போவது கதிர்வேலின் முகம் இல்லை. தோளில் உட்கார்ந்து மிளகு பறித்த பிள்ளையின் முகம்.

"கதிரு!" அர்த்தனாரி முன்னால் எட்டிக் குனிந்தார். "அந்தப் புட்டியை எடுத்து அக்கட்டால வை. மேல போகப் போக மை பொங்கும்."

"பொங்கறதுக்கு அது என்ன பாலுங்களா?" என்றார் கதிர்வேல்.

வேன் முழுக்கச் சிரித்தது.

"நெசமாத்தான் சொல்றேன். நெறைய ஊத்தக் கூடாது. நாகு, நீயாச்சும் எடுத்துரு கண்ணு."

"அண்ணா," கதிர்வேல் திரும்பினார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "உங்க கையால எழுதலைன்னு வயிறு எரியுதுன்னா நேரா சொல்லிப்போடுங்க. புட்டி மேல பழி போடாதீங்க."

சுகுணா கணவனின் கையைப் பிடித்து அழுத்தினாள். "பொட்டாட்டம் இருங்க. மானம் போவுது."

பொறாமைக்காரன் சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள்? அவர் கண் முன்னால், பச்சைக் கண்ணாடியின் வாயில் ஒரு நீலப் பொட்டு எட்டிப் பார்த்தது. பருத்தது. விளிம்பைத் தாண்டி வெற்றிலையில் வழிந்தது.

அர்த்தனாரி பாய்ந்தார். நடு சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டிப் புட்டியைப் பிடுங்கித் தன் நெஞ்சோடு வைத்து அணைத்துக்கொண்டார். அதே நேரம் வேன் ஒரு வளைவில் திரும்ப, அவர் சீட்டில் சாய்ந்து விழுந்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, கை, கழுத்து எல்லாம் நீலம்.

புடவையில் ஒரு துளி இல்லை.

"தட்டி உட்டுட்டீங்களே!" கதிர்வேல் கத்தினார். "நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படிப் பண்ணுவீங்களாண்ணா? எம் பையன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனான்?"

நாகலட்சுமி புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்து, பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தாள். கவியரசன் பெரியப்பாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். அர்த்தனாரி புட்டியைத் துடைத்துக் கதிர்வேலிடம் நீட்டினார். அடியில் பாதிக்கும் குறைவாக மை மிஞ்சியிருந்தது. வாங்கிக்கொண்ட கதிர்வேல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சற்று நேரம் கழித்து சுகுணா அவர் காதருகே கேட்டாள். "நீங்க சொன்னாப்புலயேதான் ஆச்சு. பொங்கும்னு எப்பங்க தெரியும் உங்களுக்கு?"

"ஊட்டுலயே."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுகுணா அவர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். அத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

வாசலூர்பட்டியில் அப்புசாமி வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து எல்லோரையும் வரவேற்றார்கள். அர்த்தனாரி இறங்கவில்லை. எல்லோரும் உள்ளே போன பிறகு வேனை விட்டு வந்து ஏரிக்கரையில் நின்றார். சுற்றுலா வந்தவர்கள் படகு மிதித்துக்கொண்டே அவர் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். தண்ணீரில் கையைக் கழுவினார். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. உள்ளே இந்நேரம் தாளில் மஞ்சள் தடவியிருப்பார்கள். இந்நேரம் கதிர்வேல் பிள்ளையார் சுழி போட்டிருப்பான். நினைக்க நினைக்க, அந்த நிலையிலும் அவருக்கு எரிந்தது.

"மாமா!"

நாகலட்சுமி மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதிர்வேல்.

"நீங்க தொடறதுக்கு முன்னாடியே மை வாய்க்கு வந்துருச்சுங்க மாமா. வெத்தலை நனைஞ்சதைப் பாத்தேன். அபசகுனமாயிருச்சேன்னு எனக்கு நாக்கே எழும்பல. இப்பத்தான் இவருகிட்டச் சொன்னேன்" என்று அழுதாள்.

கதிர்வேல் தலை குனிந்து நின்றார். "மன்னிச்சுக்கங்கண்ணா. நீங்களே வந்து எழுதுங்க. சபையில எல்லாரும் உக்காந்திருக்கறாங்க."

இதற்காகத்தானே அவர் ஏங்கியது? சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சுகுணா கையை எடுத்துக்கொண்ட இடம் இன்னும் சில்லென்று இருந்தது.

"இல்ல கதிரு. நீ கழுத்து மட்டும் ஊத்தறப்பவே எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல. சபையில நீ தலை குனியோணும்னு ஆசைப்பட்டேன். பாதி மலை வரைக்கும் ஆசைப்பட்டேன்."

நாகலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டாள். கதிர்வேல் அவரையே வெறித்துப் பார்த்தார். அடிக்க வருகிறாரோ என்று கூட இருந்தது.

"அந்தப் பச்சைப் புட்டி நீங்க சொல்லி வெச்சதுன்னு கடைக்காரரு சொன்னாருங்க" என்றார் கடைசியில். "தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"என்னத்துக்கு? உனக்கு இல்லாதது என்ன?"

"எனக்கு என்ன இருக்குது?" கதிர்வேல் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் வண்டி வண்டின்னு ஊர் ஊராப் போயிட்டேன். எம் பையன் லீவுன்னா உங்க ஊட்டுக்குத்தான் ஓடுவான். காய்ச்சல் வந்தா பெரீப்பா. வேலை கெடச்சா மொதல் போன் பெரீப்பாவுக்கு. பொண்ணு போட்டோவைக் கூட மொதல்ல உங்களுக்குத்தான் அனுப்புனான். இன்னைக்கு வேன்ல பெத்தவன் நான் பின்னால உக்காந்திருக்கறேன், பக்கத்துல உக்காரோணும்னு உங்களைக் கூப்பிடறான். உங்க கையில இருக்கறது எதுவாச்சும் ஒண்ணை நான் புடுங்கிப் பாக்கோணும்னு இருந்துச்சு. அவன் பேரையாச்சும் நான் எழுதிக்கறேனேன்னு நெனச்சேன்."

அர்த்தனாரி திகைத்துப் போனார். எவனுடைய மாடி வீட்டையும் மகனையும் பார்த்து இத்தனை காலம் வெந்துகொண்டிருந்தாரோ, அவன் இவருடைய ஓட்டு வீட்டைப் பார்த்து வெந்திருக்கிறான்!

வீட்டு வாசலிலிருந்து அப்புசாமி கூப்பிட்டார். "ஏனுங்க சம்பந்தி, நேரம் ஆவுதுங்க!"

அர்த்தனாரி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து நிப்பை எடுத்தார். அதுவும் மையில் நனைந்திருந்தது. தேய்த்துத் துடைத்துக் கதிர்வேலின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைப் போட்டு எழுது. கை வழுக்காது."

"நீங்க…?"

"பெத்தவன் நீதானே. எழுது போ."

அப்படிச் சொல்ல அவருக்கு எத்தனை பலம் வேண்டியிருந்தது என்பது ஏரிக்குக்கூடத் தெரிந்திருக்காது.

நீலச் சட்டையோடு அவர் சபைக்குள் நுழைந்தபோது பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கவியரசன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து, தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தான். கதிர்வேல் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு மஞ்சள் தடவிய தாளின் மேல் குனிந்தார்.

நிப்பு புனல் வழியாக இறங்கியது, மை தொட்டு ஏறியது. முதல் வரி, இரண்டாம் வரி. கவியரசன் என்ற பெயர் வந்த இடத்தில் அர்த்தனாரி மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழிறங்கும் கோடு தடித்து, மேலேறும் கோடு மெலிந்து, எழுத்து எழுத்தாகப் பூத்துக்கொண்டிருந்தது. எங்கேயாவது ஒரு மைத் திட்டு, ஒரு நடுக்கம் இருக்கும் என்று தேடினார். இல்லை. தேடத் தேட வயிற்றுக்குள் பழைய எரிச்சல் கிளம்பியது.

எழுதி முடித்த கதிர்வேல், பெரியவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிப் பேனாவை அவரிடம் நீட்டினார். "மொதக் கையெழுத்து நீங்கதாங்ணா."

அர்த்தனாரி தாளைக் கையில் எடுத்து நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டாவது வரி கொஞ்சம் சாஞ்சு போவுது" என்றார்.

"எங்கீங்ணா?"

"போவுது."

சுகுணா பின்னாலிருந்து அவர் தோளில் ஒரு இடி வைத்தாள். வைத்த கையை இந்தத் தடவை எடுக்கவில்லை. அவர் பேனாவைப் பச்சைப் புட்டிக்குள் தொட்டு, கையெழுத்தைப் போட்டார்.